எண்ணப் போன இடத்தில் இரண்டு பேர்

செங்கல்பட்டில் வீடற்றவர்கள் தங்கும் விடுதியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தேன். கழுத்து வலி வந்து, இனிமேல் மணிக்கணக்கில் குனிய முடியாது என்று ஆனபோது, எங்கள் மகளிர் குழு நடத்தும் விடுதிக்கு ஆள் தேவை என்றார்கள். பெயருக்கு மேலாளர். உண்மையில் எல்லா வேலையும் என்னுடையதுதான். சிலிண்டர் புக் செய்வேன், காய்ச்சல் வந்தவர்களை ஜி.எச்.சுக்குக் கூட்டிப் போவேன், பாத்ரூம் அடைத்துக்கொண்டால் குச்சியோடு நானே இறங்குவேன். கீழ்த்தளத்தில் பெண்கள், மாடியில் ஆண்கள். முப்பது பாய்களை விரிக்க இடம் இருந்தது.

நான் சேர்ந்த மூன்றாவது மாதம், வெளியில் படுத்துத் தூங்குகிறவர்களை எண்ணி எழுதித் தரச் சொல்லி மாவட்ட அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. இருவர் இருவராகப் போக வேண்டும். எங்களுக்குச் செங்கல்பட்டு ரயில் நிலையமும் பஸ் ஸ்டாண்டும், பிறகு மாமல்லபுரமும். எனக்கு ஜோடியாக வந்தவர் ஓய்வு பெற்ற தபால்காரர். உயரமான, வேகமாக நடக்கும் மனிதர். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். அவருக்கு நான் தங்கச்சி.

இரவு பத்து மணிக்கு மேல் எண்ண வேண்டும் என்று தாளில் போட்டிருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"பத்து மணிக்கு யாரும்மா ஒரே எடத்துல கீறாங்க? போலீசு எழுப்பும், கடைக்காரரு எழுப்புவாரு, கொசு எழுப்பும். இங்க எண்ணவன அங்கயும் எண்ணுவோம். விடிகாலைல போலாம். அப்பதான் எல்லாம் ஒரு எடத்துல இருக்கும்."

அதிகாரியிடம் கேட்டோம். ஒழுங்காக எண்ணினால் சரி, எப்போது போனால் என்ன என்றார்.

முதல் நாள் காலை நாலரை மணிக்கு ரயில் நிலையத்தில் நான் செய்தது அத்தனையும் தப்பு. கையில் அட்டையும் பேனாவும், கழுத்தில் அடையாள அட்டையும் தொங்க, படுத்திருந்த ஒருவர் தலைமாட்டில் நின்றுகொண்டு, "ஐயா, உங்க பேரு?" என்றேன். அவர் கண்ணைத் திறந்தார், என் அட்டையைப் பார்த்தார், மூட்டையை அள்ளிக்கொண்டு ஓடியே போய்விட்டார். செருப்பு மட்டும் அங்கேயே கிடந்தது. இரண்டாவது ஆள் ஓடவில்லை. எழுந்து உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து சீசன் டிக்கெட்டை எடுத்து நீட்டினார்.

"நான் இங்க தாலுகா ஆபீஸ்ல வேல பாக்கறேம்மா. நேத்து கடைசி வண்டிய விட்டுட்டேன். மொத வண்டி இன்னும் வரல. படுக்கக்கூடாதா?"

அண்ணன் சிரிப்பை அடக்கமாட்டாமல் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். திரும்பி வந்து, ஓடிப்போனவரின் செருப்பை எடுத்துச் சுவரோரம் ஜோடியாக வைத்தார். "வருவாரு. பயந்துட்டாரு, அவ்ளோதான். நின்னுகினு கேட்டா நீயும் போலீசு மாதிரிதான் தெரிவ. ஒக்காந்து கேளு" என்றார். தோளில் மாட்டியிருந்த பையில் பெரிய பிளாஸ்க்கும் காகிதக் கப்புகளும் கொண்டுவந்திருந்தார். அதன் பிறகு நாங்கள் தரையில் உட்கார்ந்து, டீ ஊற்றிக் கொடுத்து, அவர்கள் வாயைத் திறக்கும் வரை காத்திருந்து எழுதினோம். ஓடியவரும் அரைமணி கழித்து வந்தார். செருப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு கப் டீயும் வாங்கிக் குடித்துவிட்டு, பேரைச் சொன்னார்.

எழுதப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். எனக்குப் பதினோரு வயதில் மதுராந்தகம் ஏரி நிரம்பி, எங்கள் குடிசைக்குள் தண்ணீர் வந்தது. எட்டு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்தோம். பெயர் எழுத வந்தவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. அடுத்தவர் வயலில் நாற்று நட்டே காலத்தை ஓட்டிய என் அம்மா, அவர் என் அப்பாவின் பெயரைத் தப்பாக எழுதுவதைப் பார்த்துவிட்டு இரண்டு முறை திருத்திச் சொன்னார். எழுதியவர் திருத்தினாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அதனால் நான் ஒவ்வொரு பெயரையும் எழுதி முடித்ததும் உரக்க வாசித்துக் காட்டினேன். சிலர் ஊர்ப் பெயரையும் சேர்த்து மறுபடி வாசிக்கச் சொன்னார்கள். ஒரு வயதான அம்மா, "பெருசா எழுதியிருக்கியா?" என்று எட்டிப் பார்த்தார்.

மாமல்லபுரத்துக்கு மூன்றாம் நாள் போனோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து கடற்கரைக்குப் போகும் தெருவில், ரொம்ப நாளாகப் பூட்டிக் கிடந்த ஒரு சிப்பிச் சாமான் கடை. அதன் முன்னே சிமெண்டுத் தாழ்வாரம். நாங்கள் போனபோது ஓர் அம்மாள் அதைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். அவருக்குப் பின்னால் ஓர் ஆள் வளைந்த காலை நீட்டி உட்கார்ந்தபடி போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். நான் கீழே உட்கார்ந்தேன்.

"அக்கா, நாங்க செங்கல்பட்டுலேர்ந்து வரோம். வெளிய படுக்கறவங்கள எழுதிகினு வரோம்."

"எதுக்கு? தொரத்தறதுக்கா?"

"இல்லக்கா. தங்க எடம் கீது, சாப்பாடு கீது. இஷ்டம்னா வரலாம்."

அவர் அண்ணனின் பையைப் பார்த்தார். "அதுல இன்னா, டீயா?"

டீ ஊற்றினோம். அந்த ஆளும் நகர்ந்து வந்து உட்கார்ந்தார். படிவத்தில் 'தனிநபரா, குடும்பமா, உறவு என்ன' என்று ஒரு கட்டம் இருந்தது. கேட்டேன்.

"இவரு உங்களுக்கு இன்னா வேணும்க்கா?"

"இன்னா வேணும்னா? கூட கீறாரு."

"வூட்டுக்காரரா?"

"வூடே இல்ல, வூட்டுக்காரரு எங்கேர்ந்து வருவாரு?" என்றார் அக்கா. அண்ணனுக்குப் புரையேறி டீ சட்டையில் சிந்தியது. அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

டீ தீர்வதற்குள் இருவர் கதையும் வந்துவிட்டது. அவர் சென்ட்ரிங் வேலைக்காரர். திருப்போரூர்ப் பக்கம் ஒரு கட்டடத்தின் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்து கால் உடைந்தது. ஆறு மாதம் தன் கூடப்பிறந்த அண்ணன் வீட்டில் இருந்தார். அண்ணி தட்டை வைக்கும் சத்தம் மாறியதும் சொல்லாமல் கிளம்பிவிட்டார். இங்கே ஒரு டிபன் கடையில் தட்டுக் கழுவுகிறார். அக்காவுக்குப் புதுப்பட்டினம். அன்னக்கூடையைத் தலையில் வைத்துக் கல்பாக்கம் குவாட்டர்ஸ் வரை மீன் விற்றவர். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டார். அவருடைய தம்பிகள் வீட்டைப் பூட்டிக்கொண்டார்கள். இங்கே வந்து பாட்டில் பொறுக்கினார். ஒருமுறை காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது, முன்பின் பேசியிராத இந்த மனுஷன் மூன்று நாள் கடையிலிருந்து கஞ்சி வாங்கி வந்து கொடுத்திருக்கிறார்.

"ஒண்ணும் பேசல. வெப்பாரு, போவாரு. நாலாவது நாளு நான்தான், யோவ், ஒக்காருன்னேன்" என்றார் அக்கா. "நாலு வருஷமாச்சி, இன்னும் ஒக்காந்துகினு கீறாரு."

விடுதியைப் பற்றிச் சொன்னேன். அந்த ஆள் முதல்முறையாக என்னிடம் நேராகப் பேசினார். "ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்பாம்மா?"

"இல்லண்ணா. பொம்பளைங்க கீழ, ஆம்பளைங்க மாடில."

"அப்ப வேணாம்மா."

"மழ வந்தா இன்னா பண்ணுவீங்க?"

"நனைவோம். இவ மேல கொஞ்சம் கம்மியாதான் படும். நான் தெருப்பக்கமா படுத்துக்குவேன்."

குடும்பம் என்ற கட்டத்தில் இருவரையும் எழுதினேன். உறவு என்ற இடத்தில் 'கூட இருப்பவர்' என்று எழுதி, வாசித்துக் காட்டினேன். இருவரும் சரி என்றார்கள். அலுவலகத்தில் அந்தத் தாளைப் பார்த்தவர், "இப்படி ஒரு உறவு லிஸ்ட்ல இல்லியேம்மா" என்றார். அவர்கள் சொன்னது அதுதான் சார் என்றேன். பேனாவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அப்படியே ஏற்றிக்கொண்டார்.

ஐப்பசியில் புயல் எச்சரிக்கை வந்தது. கடலோரம் யாரும் படுக்கக் கூடாது என்று மைக்கில் சொல்லிக்கொண்டு போனார்கள். நானும் அண்ணனும் ஓர் ஆட்டோ பிடித்து மத்தியானமே மாமல்லபுரம் போனோம். தாழ்வாரத்தில் இருவரும் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காற்று அதைப் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தது.

"பொயலு போற வரைக்கும்தான்" என்று அக்கா நிபந்தனை போட்டார். "அப்பால நாங்க வந்துருவோம்."

விடுதியில் அன்று சாயங்காலம் எனக்குப் புதுத் தலைவலி. கால் உடைந்த அந்த அண்ணன் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக மாடி ஏறினார். அக்கா கீழ்ப்படியில் உட்கார்ந்தார். விளக்கணைக்கும் நேரம் ஆகியும் நகரவில்லை.

"உள்ள போய்ப் படுங்கக்கா."

"அவரு பாத்ரூமுக்கு எறங்குவாரு. கால் வழுக்கிச்சின்னா யாரு புடிக்கறது?"

எங்கள் விடுதியிலேயே வாய் நீளமான ஒரு பாட்டியம்மா இருந்தார். யார் வந்தாலும் ஒரு குறை சொல்வார். அவர் ஜமக்காளத்திலிருந்து எழுந்து வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். "புதுப் பொண்ணு மாதிரி பண்ணிகினு கீது பாரு" என்றார். பிறகு அவரே அக்காவின் பாயை இழுத்து வந்து படிக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, "இங்கியே கெட. எனக்குந்தான் மாடிலேர்ந்து யாராச்சும் உருண்டு வந்தா பேஜாரு" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அக்காவும் சிரித்துக்கொண்டே படுத்தார். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே எனக்கு உறைத்தது. கால் முடியாதவரை மாடி ஏற்றுவது என் தப்பு. சமையலறையை ஒட்டி ஒரு ஸ்டோர் ரூம் இருந்தது. உடைந்த நாற்காலிகளும் பழைய பேனர்களும் அடைந்து கிடந்தன. அதைக் காலி செய்து அவரை அங்கே படுக்கவைக்கலாம் என்றேன். ஆண்கள் கீழே படுத்தால் எப்படி என்று பெண்கள் இருவர் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் இருந்தது. நடுவில் கதவு வைத்து, தாழ்ப்பாளைப் பெண்கள் பக்கம் போட்டோம். ஸ்டோர் ரூமில் அந்த அண்ணனும் முழங்கால் வலிக்காரர் ஒருவரும் படுத்தார்கள்.

புயல் போன மூன்றாம் நாள் அக்கா மாமல்லபுரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். கடை கைமாறியிருந்தது. தாழ்வாரத்துக்குக் கிரில் போட்டுவிட்டார்கள். "பூட்டும் போட்டுட்டாங்க" என்று சொல்லிவிட்டு, நேராக உள்ளே போய் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.

பகலில் இருவரும் சமையலறையில்தான். அவர் உட்கார்ந்து காய் நறுக்குவார், பாத்திரம் கழுவுவார். அக்கா அடுப்பைப் பார்த்துக்கொள்வார். சனிக்கிழமை பழைய மீன்கார அம்மாக்களில் யாராவது ஒருவரைப் பிடித்து, சின்ன மீனாக வாங்கி வந்துவிடுவார். அந்தக் குழம்பு கொதிக்கிற வாசனைக்கு, சாப்பாடே வேண்டாம் என்று மூலையில் படுத்திருப்பவர்கள்கூடத் தட்டை எடுத்துக்கொண்டு வருவார்கள். வாய் நீளமான பாட்டியம்மா மட்டும், "புளி கொஞ்சம் தூக்கலா கீது" என்று சொல்லிவிட்டு மறுபடியும் ஊற்றிக்கொள்வார்.

அந்த மாதங்களில் தபால்கார அண்ணன் வாரத்தில் இரண்டு நாள் வந்து அவர்களுடைய காகிதங்களைப் பார்த்தார். ஆதார் வேண்டும். அதற்கு விலாசம் வேண்டும். விடுதி விலாசத்தைக் கொடுத்தோம். தட்டுக் கழுவிக் கழுவி அந்த அண்ணனின் ரேகை மெஷினில் விழவே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவி, துடைத்து, நாலாவது முறை விழுந்தது. பிறகு ஊனமுற்றோர் சான்றிதழுக்கு ஆஸ்பத்திரி, உதவித்தொகைக்குத் தாலுகா ஆபீஸ். அங்கே எங்கள் மனுவை வாங்கிக்கொண்டவர், ரயில் நிலையத்தில் நான் வீடற்றவர் என்று நினைத்து எழுப்பிய அந்த சீசன் டிக்கெட்காரர். அவர் என்னை அடையாளம் கண்டு, "இன்னாம்மா, இன்னிக்கு என்னிய எழுதலியா?" என்றார். ஆனால் மனுவில் விட்டுப்போன ஒரு கையெழுத்தை அவரே பார்த்துச் சொல்லி, அன்றைக்கே உள்ளே அனுப்பினார்.

எங்கள் குழுத் தலைவிக்கு ஓர் ஆசை. திருப்போரூர் முருகன் கோயிலில் இருவருக்கும் எளிமையாக ஒரு தாலி கட்டி, பதிவும் செய்துவிட்டால் வீடு கேட்க வசதியாக இருக்கும் என்றார். புடவை எடுப்பது வரை பேச்சுப் போய்விட்டது. அக்காவைக் கேட்டோம்.

"ஒரு தபா கட்டிகினேன். போதும்" என்றார். "அந்தாளு எங்கியோ உசுரோடதான் கீறாரு. அதெல்லாம் கிண்டிகினு இருக்க வேணாம்."

"நீங்க இன்னாண்ணா சொல்றீங்க?" என்றேன்.

"எனக்கும் வேணாம்மா. இப்பவே இவ பேச்சத்தான் கேட்டுகினு கீறேன்."

குழுத் தலைவிக்கு முகம் வாடிப்போயிற்று. ஆனால் அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

வாடகைக்கு அறை தேடியதுதான் கஷ்டமான பகுதி. ஒரு வீட்டில் சொந்தமா என்று கேட்டார்கள், இன்னொரு வீட்டில் என்ன ஆளுங்க என்று கேட்டார்கள். மூன்றாவது வீட்டில் எல்லாம் ஒத்துவந்து, அக்கா முன்னே எங்கே தங்கியிருந்தார் என்று கேட்டதும் கதவு பாதி சாத்திக்கொண்டது. அன்று திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா என் மடியிலிருந்த பையைத் தட்டி, "ரசம் வெக்கலாமா இன்னிக்கு?" என்றார்.

அண்ணன்தான் இடத்தைக் கண்டுபிடித்தார். முப்பது வருடம் கடிதம் கொடுத்த பழக்கத்தில், எந்த வீட்டில் யார் எப்படி என்று அவருக்கு மனப்பாடம். திருப்போரூரிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில் ஓர் அம்மா செடி நர்சரி வைத்திருந்தார். கடலோர ரிசார்ட்டுகளுக்கு அங்கிருந்துதான் செடி போகும். பின்னால் ஓர் அறை, தளம் போட்டது, பக்கத்திலேயே பாத்ரூம். கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஆள் கேட்டிருந்தார்.

நாங்கள் நாலு பேரும் போனோம். அந்த அம்மா கையெல்லாம் எரு மண்ணோடு வந்தார். அதே பழைய கேள்வி வரப்போகிறது என்று காத்திருந்தேன். வந்தது வேறு கேள்வி.

"செடிக்குத் தண்ணி ஊத்தத் தெரியுமா?"

அந்த அண்ணன் யோசித்தார். "பூசின செவுத்துக்குக் காத்தாலயும் சாயங்காலமும் ஊத்தியிருக்கேம்மா. செடி அத்தவிட மெதுவாத்தான் குடிக்கும்னு நெனைக்கிறேன்."

அந்த அம்மா அவரை ஒருமுறை, அக்காவை ஒருமுறை பார்த்தார். "ரெண்டு பேரும் சண்ட போடுவீங்களா?"

"போடுவோம்" என்றார் அக்கா.

"சரி, சத்தம் இருந்தாதான் இங்க நல்லது. ராத்திரில பன்னி வருது. திங்கக்கெழமை வந்துருங்க."

அவ்வளவுதான். இத்தனை மாதம் அலைந்தது ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வெளியே வந்து ரோட்டோரம் நின்றபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. அண்ணன் என்னைப் பார்க்காத மாதிரி பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதியிலிருந்து ஒரு ஸ்டவ்வும் இரண்டு பாத்திரமும் கொடுத்தனுப்பினோம். வாய் நீளமான பாட்டியம்மா தன் பங்குக்கு ஒரு கரண்டி கொடுத்தார். கொடுக்கும்போது, "கொழம்புல புளியக் கொறை" என்றார். அந்த வார சனிக்கிழமை நான் வைத்த குழம்பை யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

உதவித்தொகை ஆணை தபாலில் விடுதி விலாசத்துக்கு வந்தது. அதை அண்ணனிடம் கொடுத்து, சேர்ப்பித்துவிடச் சொன்னேன். அவர் அன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். நர்சரி வாசலில் நின்று சைக்கிள் மணி அடிக்காத குறையாக "போஸ்ட்!" என்று கூவினாராம். தன் பெயருக்கு முதல்முதலாக வந்த கடிதத்தை அந்த அண்ணன் கிழிக்கவே விடவில்லையாம். ஓரத்தை பிளேடால் கீறித்தான் எடுத்தாராம்.

அடுத்த வருடமும் எண்ணப் போனோம். மாமல்லபுரத்தில் புதிதாகச் சிலரை எழுதினோம். இரண்டு பேர் விடுதிக்கு வர ஒப்புக்கொண்டு, மறுநாள் வருகிறோம் என்றார்கள், வந்தார்கள். வெயில் ஏறியதும் நானும் அண்ணனும் நர்சரியில் இறங்கினோம். பச்சை வலைக்குக் கீழே செம்பருத்தியும் போகன்வில்லாவும் வரிசையாக நின்றன. அந்த அண்ணன் ஸ்டூலில் உட்கார்ந்து, டியூபைப் பிடித்து ஒவ்வொரு தொட்டியாக நனைத்துக்கொண்டிருந்தார். அக்கா அவரைத் திட்டிக்கொண்டிருந்தார். அறைக்குப் பின்னால் போட்ட கத்தரிச் செடியை மயில் கொத்திவிட்டதாம், இவர் பார்த்துக்கொண்டே இருந்தாராம்.

"தொரத்தலியா நீ?"

"தொரத்துனேன். அது போவல."

"யோவ், மயிலுக்கு ஒரு பேச்சு, எனக்கு ஒரு பேச்சா?"

அறைக்குள் கட்டில் ஒன்று புதிதாக இருந்தது. கால் மடக்க முடியாதவருக்காக நர்சரி அம்மா கொடுத்தது. அக்கா தரையில்தான் படுக்கிறாராம், கட்டில் ஆடுகிறதாம். எங்களை உட்கார வைத்து வாழையிலை போட்டார். நெத்திலிக் குழம்பு, மயில் விட்டுவைத்த கத்தரிக்காயில் ஒரு பொரியல். அண்ணன் மூன்று முறை சோறு வாங்கிக்கொண்டார். சாப்பிட்ட களைப்பில் அவர் வலைக்குக் கீழே சாக்கை விரித்துப் படுத்து, சட்டென்று தூங்கிப்போனார். நானும் அக்காவும் வாசற்படியில் உட்கார்ந்து, வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்துக்கொண்டே, சிமெண்டுச் சாலையில் போகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூன்றரை மணி பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்தது ஐந்துக்குத்தான் என்றார் அக்கா. இருந்துவிட்டுப் போகலாம் என்றேன்.